மஞ்சள் கட்டம்

பன்னிரண்டு வருஷம் கழித்து முகிலன் ஒரு முழு வாக்கியம் பேசினான்.

"அடுத்த வீட்டு மிக்ஸிகூட நின்னுருச்சு. நீங்க ரெண்டு பேரும் ஏன் இன்னும் அழுகையை நிறுத்தலை?"

குரல் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. ஆனால் அவனுடைய பழைய குரலேதான். கேலி செய்யும்போது கடைசி வார்த்தையைக் கொஞ்சம் இழுப்பானே, அந்த இழுப்புகூட இருந்தது. மகள் நித்திலா கைதட்டினாள். மென்பொருளைப் பொருத்த வந்திருந்த அஃப்ரீனும் தட்டினாள். மனைவி தாரணி சிரித்தாள், மறுபடி அழுதாள், எழுந்து போய்த் திரையைத் தொட்டாள். தொட வேண்டிய தேவை எதுவும் இல்லை. பழக்கத்தில் கை தானாகப் போனது.

அப்போது மணி காலை பத்து நாற்பத்திரண்டு. அன்றைக்கு அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்னால்தான் அந்த நேரம் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று.

முகிலனுக்கு முப்பத்தாறு வயதில் மூளைத்தண்டில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. காது கேட்கும், எல்லாம் புரியும். விரல் அசையாது, நாக்கு அசையாது. முதலில் இடது இமை மட்டும் பேச்சுக்கு உதவியது. மூன்றாவது வருஷம் அதுவும் நின்றுபோனது. அப்போதுதான் மண்டைக்குள் ஒரு சிப் வைத்து, நினைப்பால் கணினியை இயக்கும் சிகிச்சை கோயம்புத்தூருக்கு வந்தது. அதற்கான மென்பொருளைச் செய்த நிறுவனத்தில் தாரணிக்கு வேலை. மற்றவர்கள் சிப்பைப் பார்த்துக்கொண்டார்கள். திரையில் நோயாளி மனசால் அழுத்த வேண்டிய பலகையைத் தாரணிதான் எழுதினாள்.

நாற்பத்தெட்டுக் கட்டங்கள். தண்ணீர், வலி, காபி, வேண்டாம், பொறு, நித்திலா, ஃபேன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை. ஒரு கட்டத்தை நினைத்து அழுத்த முகிலனுக்கு அரை நிமிஷம் ஆகும். பிறகு வேகம் வந்தது. 'காபி. வேண்டாம். நேற்று. மோசம்' என்று அவள் போட்ட காபியை வம்புக்கு இழுக்கும் அளவுக்கு வந்தது.

வலது மூலையில் கடைசிக் கட்டத்தில் அவள் 'சும்மா' என்று எழுதினாள். கல்யாணமான புதிதில் வேலை நேரத்தில் அவன் போன் செய்வான். என்னங்க என்று கேட்டால், "சும்மாதான் புள்ள, கூப்பிட்டேன்" என்பான். அதற்காகவே ஒரு கட்டம். அதை அழுத்தினால் கணினி எதுவும் பேசாது. அவளுடைய போன் மட்டும் ஒருமுறை அதிரும். வேலையை விட்டுவிட்டு வந்து திரையைத் தொடுவாள். மஞ்சளாகியிருந்த கட்டம் வெள்ளையாகும்.

அதில் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தாள். அவள் வந்து தொடும்வரை மற்ற நாற்பத்தேழு கட்டங்களும் மங்கியே இருக்கும். அவனால் வேறு எதையும் அழுத்த முடியாது. அழைத்துவிட்டு, பதில் வராததால் மனசு மாறி, 'வேண்டாம்' என்று அவன் அழுத்திவிடக் கூடாதே என்ற எண்ணம். அவன் அப்படிப்பட்டவன், யாருக்கும் தொந்தரவு கொடுக்கப் பிடிக்காது. ஒருமுறை மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அவன் அழைப்பு அழிந்துவிட்டது. மூன்று மணி நேரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றே அதையும் மாற்றி எழுதினாள். மின்சாரம் போனாலும் வந்தாலும், அவள் தொடும்வரை மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

மருத்துவ அனுமதி கிடைத்ததும் பலகைக்கு முத்திரை வைத்தார்கள். அதன்பின் எழுதியவளே அதைத் திறக்க முடியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அந்த வேலையை விட்டு, வடவள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியையாகச் சேர்ந்தாள்.

இந்த வருஷம் கணினிகள் எல்லாமே மாறின. பலகை ஓடிய பழைய அமைப்பு இனி இயங்காது என்று அறிவித்துவிட்டார்கள். புதிய அமைப்புக்கு நிறுவனத்தில் வைத்த பெயர் 'மேடை'. அஃப்ரீன் வந்து விளக்கியபோது தாரணி முதலில் கேட்டது, பலகையைப் புதிதாகவே எழுதிவிட்டால் என்ன என்பதுதான்.

"எழுதலாம் மேடம். ஆனா சாரோட மூளை அந்தப் பலகைக்குப் பழகியிருக்கு. எந்தக் கட்டம் எங்கே, எவ்வளவு நேரம் அழுத்தணும், எல்லாம் நரம்புல பதிஞ்சுபோச்சு. வேற ஊர்ல ரெண்டு பேருக்குப் புதுசா மாத்தினாங்க. அவங்க அப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேசலை." அஃப்ரீன் கொஞ்சம் நிறுத்தினாள். "அதனால பழைய பலகையை அப்படியே ஒரு பெட்டிக்குள்ள வெச்சு, பெட்டியை மேடையில வெச்சிருவோம். பலகைக்குத் தான் பழைய இடத்துலதான் இருக்கோம்னு நினைப்பு. மேடைக்கு அது ஒரு பெட்டி, அவ்வளவுதான். நடுவுல ஒரு பாலம் போட்டுருவோம். சார் அழுத்தற வார்த்தை பாலம் வழியா மேடைக்குப் போகும். மேடை அதை முழு வாக்கியமாக்கி அவர் குரல்லயே பேசும்."

பழைய கதவைக் கழற்றிப் புது வீட்டில் மாட்டுவதுபோல என்றாள் தாரணி. கதவு நிலைக்குப் பொருந்தணுமே மேடம் என்று அஃப்ரீன் சிரித்தாள். சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சிப்பையும் புதிய அமைப்புக்கு மாற்றி எழுதினார்கள். இனி அது பழையதற்குத் திரும்பாது. திரையை முழுக்க மேடை எடுத்துக்கொண்டது. பழைய பலகை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலேதான் தெரியும், அதை மறைக்க முடியவில்லை என்பதால், தபால் தலை அளவுக்குச் சுருக்கி ஓரத்தில் ஒதுக்கினார்கள். அதில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. பலகை உயிரோடு இருப்பதற்கு அடையாளம், கண்டுக்காதீங்க என்று அஃப்ரீன் சொன்னாள். அவளுக்குச் சொல்லப்பட்டதும் அதுவே. நித்திலாவுக்கு, பின்னால் மாப்பிள்ளை வீட்டாரோடு வீடியோவில் பேசும்போது அந்தப் புள்ளி உறுத்தியது. தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டாள்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

நித்திலா தன்னோடு வேலை பார்க்கும் யுகேஷைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டாள். பழைய பலகையில் அப்பாவிடம் கேட்டபோது, அவன் 'பொறு' என்று மட்டும் அழுத்தியிருந்தான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடி அம்மாவும் மகளும் ஒரு வாரம் தூங்கவில்லை. மேடை வந்த ஒன்பதாம் நாள், "யுகேஷ் நல்ல பையன்தான் கண்ணு. எனக்குச் சம்மதம்" என்று குரல் சொன்னது. நித்திலா அப்பாவின் அசையாத கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

தாரணிக்கும் ஒன்று கிடைத்தது. அவளுடைய அப்பா இறந்தபோது, திருப்பூரில் ஒரு வேலை என்று முகிலன் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை. அவள் மனசுக்குள் மட்டும் அது பதினைந்து வருஷமாகக் கிடந்தது. ஒரு சாயங்காலம் அவனுடைய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது குரல் தானாகவே ஆரம்பித்தது. "உங்கப்பா சாவுக்கு நான் வராம இருந்தது தப்பு தாரணி. உங்கிட்ட அதைச் சொன்னதே இல்லை." எண்ணெய்க் கையோடு அவன் பாதத்தில் நெற்றியை வைத்து அவள் அழுதாள். அன்றைக்கே மன்னித்தும்விட்டாள்.

அவன் இப்போதெல்லாம் சும்மா கூப்பிடுவதில்லை என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. வாய் வந்துவிட்டது, இனி எதற்கு அது என்று நினைத்தாள். கொஞ்சம் ஏக்கமாக இருந்தது. அந்த ஏக்கத்துக்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

நாற்பத்தேழாம் நாள் மத்தியானம் மின்சாரம் போய், பேட்டரியும் இறங்கி, கணினி முழுவதுமாக அணைந்தது. மின்சாரம் வந்ததும் அது மறுபடி எழுந்தது. மேடை திறப்பதற்கு முன் ஆறேழு விநாடி, பழைய பலகை மட்டும் திரை முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ஆசையாகக் கிட்டே போனாள்.

நாற்பத்தேழு கட்டங்களும் மங்கிக் கிடந்தன. வலது மூலையில் ஒன்று மட்டும் மஞ்சள். கீழே அவளே பல வருஷத்துக்கு முன் எழுதிய சின்ன எழுத்து: தாரணிக்காகக் காத்திருக்கிறது.

அவசரமாகத் தொட்டாள். மஞ்சள் மாறவில்லை. மேடை வந்து திரையை மூடியது. "கரண்ட் வந்துருச்சா? சாப்பிட்டியா தாரணி?" என்றது குரல்.

அவள் கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அந்த ஆறு விநாடிக்குள் தொட்டாள். விரலால், உள்ளங்கையால், இரண்டு கைகளாலும். பதினோரு முறை அப்படிச் செய்தாள். பிறகு அஃப்ரீனைக் கூப்பிட்டாள்.

அஃப்ரீன் அன்று சாயங்காலமே வந்தாள். பலகைக்குள் பதிவாகியிருந்த வரிகளை எடுத்துப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். காபி ஆறிப்போனது. பிறகு எழுந்துபோய் ஒலிபெருக்கியையும் மைக்கையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், இந்தச் சும்மா கட்டத்துக்குள்ள நீங்க வார்த்தையே வைக்கலை இல்லீங்களா?"

"அதுக்கு என்னத்தை வைக்கறது? சும்மாதானே."

"பாலம் வார்த்தையைத்தான் கடத்தும். இது வெறுமையா வந்திருக்கு, மஞ்சள் அணையற வரைக்கும் வந்துட்டே இருக்கும். வெறுமைன்னா, நோயாளிக்குச் சொல்லத் தெரியலை, நீயே உதவி செய்னு மேடை எடுத்துக்கும். போன்ல டைப் பண்ணும்போது அடுத்த வார்த்தை அதுவே வந்து நிக்குமில்ல, அதே மாதிரிதான். சாரோட ஒன்பது வருஷப் பதிவு, பழைய போன் பேச்சு, நெஞ்சுத் துடிப்பு, நீங்க வீட்டுல பேசறது எல்லாத்தையும் வெச்சு, அவர் என்ன சொல்லுவார்னு கணக்குப் போட்டு அதுவே சொல்லும்."

"நான் தொட்டேனே. அன்னைக்கே தொட்டேனே."

"நீங்க தொட்டது மேடையை மேடம். திரை இப்ப அதோடது. பெட்டிக்குள்ள இருக்கற பலகைக்குத் தொடுகை போய்ச் சேரலை, அது அனுப்பற அதிர்வும் உங்க போனுக்கு வரலை. மேடை திறக்கறதுக்கு முன்னாடி தெரியுதே, அது வெறும் படம்."

பதிவில் எத்தனை முறை அழுத்தியிருக்கிறார் என்று தாரணி கேட்டாள். ஆயிரம், பத்தாயிரம் என்று எதற்கோ மனசைத் தயாராக வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு தடவை. முதல் நாள், காலையில பத்து நாப்பத்திரண்டு. முதல் வாக்கியம் வந்துதே, அப்ப. அதுக்கப்புறம் எதையும் அழுத்த முடியாதே. எல்லாம் பூட்டியிருக்கு."

மிக்ஸிக் கேலியும், யுகேஷுக்குச் சம்மதமும், திருப்பூருக்கு மன்னிப்பும் எங்கிருந்து வந்தன என்று தாரணி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. தான் போட்ட பூட்டு என்பதும் தெரிந்தது. கட்டிலில் முகிலன் கண் மூடிக் கிடந்தான். நாற்பத்தேழு நாளாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு, அவள் வேறு எதனோடோ பேசியிருக்கிறாள். அவன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறான்.

முத்திரையைத் திறந்தால் பலகையைச் சரிசெய்யலாம் என்றாள் அஃப்ரீன். ஆனால் பத்தில் ஒருவருக்குச் சிப் நிரந்தரமாக நின்றுபோக வாய்ப்புண்டு. அதனால் சட்டப்படி நோயாளியின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை மருத்துவர் குழு நேரடியாக நோயாளியிடமே கேட்கும்.

"யார்கிட்ட கேப்பாங்க?" என்றாள் தாரணி.

அஃப்ரீன் அணைத்து வைத்திருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

குழு இரண்டு வாரம் கழித்து வீடியோவில் கூடியது. மூன்று பேரும் மரியாதையானவர்கள். தாரணி சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். பலகையில் அழுத்தல் இல்லை என்பது, அவருக்கு இனி பலகையே தேவைப்படவில்லை என்றும் ஆகலாமே என்றார் ஒருவர். சிப்பிலிருந்து மேடை வேறு வழிகளிலும் சைகைகளை எடுக்கிறது என்று நிறுவனம் எழுத்தில் கொடுத்திருந்தது. அஃப்ரீனும் பேசினாள். அவள் பொருத்துநர்தானே, வடிவமைத்தவள் இல்லையே என்று குறித்துக்கொண்டார்கள். கடைசியாகத் தலைவராக இருந்த அம்மையார் கட்டிலைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"முகிலன், நாங்க கேட்டது புரிஞ்சுதுங்களா? இதைத் திறந்து பார்க்க உங்களுக்குச் சம்மதமா?"

"புரிஞ்சுதுங்க டாக்டர்," என்றது குரல். "வேண்டாம். எனக்கு இப்படியே நல்லா இருக்கு. தாரணி ரொம்ப நாளா எனக்காகவே கஷ்டப்பட்டுட்டா. அவ பயப்படறா. அவளை யாரும் தப்பா நினைக்காதீங்க."

அவ்வளவு அன்பாகச் சொன்னது. அந்த அம்மையாரின் கண்ணே கலங்கிவிட்டது.

தாரணியால் அந்தக் குரலை வெறுக்கவும் முடியவில்லை. அது பொய் சொல்லவில்லை. பலகை வந்ததிலிருந்து எந்த ஆபரேஷனைப் பற்றிக் கேட்டாலும் முகிலன் 'வேண்டாம்' கட்டத்தைத்தான் அழுத்தியிருக்கிறான். அவனுக்கே வாய் இருந்து அவனே பேசியிருந்தாலும் இதையே, இந்த இழுப்போடே, சொல்லியிருக்கக் கூடும். சொல்லாமலும் இருந்திருக்கக் கூடும். எது என்று இனி யாரைக் கேட்பது? ஆறு மாதம் கழித்து மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அப்போதும் நோயாளியிடமே கேட்பார்களாம்.

அன்று நித்திலா சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கோபத்தில் இருந்தாள், அழவும் செய்திருந்தாள்.

"அம்மா, நேராவே கேக்கறேன். அப்பா பேசறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"என்ன கண்ணு பேச்சு இது?"

"இத்தனை வருஷமா அவர் ரெண்டு வார்த்தை அழுத்துவார், மிச்சத்தை நீங்க சொல்லுவீங்க. அப்பா இப்படி நினைக்கறார், அப்பாவுக்கு அது ஆகாதுன்னு. அப்ப நீங்க சொன்னதெல்லாம் அப்பா சொன்னதா? அதுவும் நீங்க போட்ட கணக்குதானே?"

மகள் சொன்னதில் பாதி உண்மை. 'பொறு' என்ற ஒரு வார்த்தைக்கு, அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை போலிருக்கு என்று அர்த்தம் சொன்னவள் தாரணிதான். ஒருவேளை அவன் காபி ஆறட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

"சரி, அது அப்பா இல்லைன்னே வெச்சுக்குவோம்," என்றாள் நித்திலா. குரல் உடைந்தது. "அப்ப எனக்குச் சம்மதம் சொன்னது யாரு? அதை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க அம்மா. தயவுசெஞ்சு சொல்லிராதீங்க."

தாரணி சொல்லவில்லை. மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவருமே நகரவில்லை.

நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைத்தார்கள், முகிலன் இருக்க வேண்டும் என்பதற்காக. கூடத்து ஓரத்தில் அவன் கட்டிலைப் போட்டு, பட்டுத் துண்டு போர்த்தியிருந்தார்கள். யுகேஷின் அப்பா தட்டை மாற்றும்போது குரலைப் பார்த்துத்தான் பேசினார். அதாவது, ஒலிபெருக்கியைப் பார்த்து. "சம்பந்தி, எங்க வீட்டுக்கு வர்ற மருமகளுக்குச் சமைக்கத் தெரியுமுங்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டார்.

"அவங்கம்மா காபியைக் குடிச்சு நான் பொழச்சுக் கிடக்கேன். உங்களுக்கு என்ன பயம்?" என்றது குரல்.

கூடம் முழுக்கச் சிரித்தது. யுகேஷும் நித்திலாவும் கட்டிலருகே வந்து விழுந்து கும்பிட்டார்கள். "நல்லா இருங்க கண்ணு" என்று குரல் வாழ்த்தியது. போட்டோக்காரர் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கச் சொன்னார். முகிலனின் கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. கண் சொட்டு மருந்து விட்டு அரை மணிதான் ஆகியிருந்தது. அது மருந்தா என்று தாரணியால் சொல்ல முடியவில்லை.

சாப்பாட்டுக்கு எல்லோரும் மாடிக்குப் போனார்கள். இலை போடும் சத்தமும் பேச்சும் கீழே கேட்டன. தாரணி மட்டும் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் மெல்ல எடுத்தாள். மஞ்சள் புள்ளி அப்படியே இருந்தது.

இடது கையால் முகிலனின் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது விரலை அந்தப் புள்ளியின் மேல் வைத்து, எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"வந்துட்டேங்க," என்றாள், கட்டிலைப் பார்த்து.

"தாரணி, திரையை ஏன் அழுத்திட்டே இருக்கே?" குரல் கரிசனமாகக் கேட்டது. "எதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"அப்புறம்?"

"சும்மா."

குரல் ஒரு கணம் நின்றது. இத்தனை நாளில் அது பதிலுக்குத் தடுமாறியது அதுதான் முதல் தடவை.

"சும்மான்னா?" என்றது.

விரலுக்கு அடியில் மஞ்சள் மாறவில்லை. மாடியிலிருந்து நித்திலா, அம்மா சாப்பிட வாங்க என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தாரணி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.